பிஎம்பி280 காற்றழுத்த சென்சார்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

பாஷ் நிறுவனத்தின் பிஎம்பி280, காற்றழுத்தம் அளக்கும் சிப். 2.5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம், உயரம் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிறு போர்டில் பொருத்தி மாட்யூலாகக் கிடைக்கிறது. வானிலை பதிவுக் கருவி செய்பவர்கள், டிரோன் கட்டுபவர்கள், பள்ளி அறிவியல் திட்டம் செய்பவர்கள் என்று பலரும் முதலில் எடுப்பது இதைத்தான். இதைப் பற்றி எழும் புகார்கள் பலவற்றுக்குச் சிப் காரணமல்ல. எந்த அழுத்தத்தை அளக்கிறோம் என்பதில் தெளிவு இல்லாததுதான் காரணம். அதனால் மதிப்பீட்டோடு அந்த விளக்கமும் சேர்ந்தே வர வேண்டியிருக்கிறது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுவோம். அழுத்தம் எவ்வளவு மாறியது என்று கேட்டால் பிஎம்பி280 அபாரமாகப் பதில் சொல்லும். அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் சுமாராகத்தான் சொல்லும். நிறுவனம் வெளியிடும் தரவுத்தாளிலேயே இது இருக்கிறது: முழு மதிப்பில் பிழை ±1 ஹெக்டோபாஸ்கல் (100 பாஸ்கல், வானிலை அறிக்கைகளில் வரும் அழுத்த அலகு), மாற்றத்தில் பிழை ±0.12 ஹெக்டோபாஸ்கல். உயரமாகப் பார்த்தால் முன்னது ஏறக்குறைய 8 மீட்டர், பின்னது 1 மீட்டர். எட்டு மடங்கு வித்தியாசம். வாங்கும் முன் உங்கள் தேவை இந்த இரண்டில் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எதோடு ஒப்பிட்டு அளக்கிறது?

எந்த அழுத்தமானியும் ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. டயருக்குக் காற்றடிக்கும் மானி வெளிக்காற்றோடு ஒப்பிடுகிறது. காற்றுப் போன டயருக்குள்ளும் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது, ஆனால் மானி 0 காட்டும். பிஎம்பி280 வெற்றிடத்தோடு ஒப்பிடுகிறது. சிப்புக்குள் காற்று நீக்கி மூடிய சிறு குழி ஒன்று. அதற்குக் கூரையாக மெல்லிய சிலிக்கான் சவ்வு. வெளிக்காற்று அழுத்தும்போது சவ்வு வளைகிறது, அதில் பதித்துள்ள மின்தடைகளின் மதிப்பு மாறுகிறது, அந்த நுண்ணிய மாற்றம் 20 பிட் வரை எண்ணாகிறது. 1844இல் லூசியன் விடி உருவாக்கிய அனிராய்டு பாரமானியிலும் காற்று நீக்கிய உலோகப் பெட்டி நசுங்கி விரிந்துதான் முள்ளை நகர்த்துகிறது. டாரிசெல்லியின் பாதரசக் குழாயில் பாதரசத்துக்கு மேலே இருக்கும் வெற்றிடம் செய்வதும் இதே வேலையைத்தான்.

அளவெல்லை 300 முதல் 1100 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்துக்கு 500 மீட்டர் கீழிருந்து 9000 மீட்டர் உயரம் வரை போதும். கடல்மட்டத்தில் பதிவான மிகக் குறைந்த அழுத்தமே 870 ஹெக்டோபாஸ்கல்தான் (1979, டிப் சூறாவளி). ஆகவே வானிலைக்கு எல்லை ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் டயர், கம்பிரசர், எரிவாயு சிலிண்டர், வாக்குவம் பம்ப் எதற்கும் இது ஆகாது. 20,000 ஹெக்டோபாஸ்கல் வரை சிப் உடையாமல் தாங்கும். தாங்குவது வேறு, அளப்பது வேறு. 1100க்கு மேல் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

977 காட்டுகிறது, பழுதா?

வானிலை அறிக்கை 1012 என்கிறது. சென்சார் 977 காட்டுகிறது. மாட்யூலைத் திருப்பி அனுப்ப வைக்கும் முதல் காரணம் இது. பழுது இல்லை. அறிக்கையில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம்; சென்சார் சொல்வது அது இருக்கும் இடத்தின் அழுத்தம். கடல்மட்டத்தை ஒட்டிய பகுதிகளில் ஒவ்வொரு 8.3 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் 977 காட்டுவதுதான் சரி; 1012 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

மாற்றுவதற்குப் பெரும்பாலான லைப்ரரிகளில் (ஆயத்த நிரல் தொகுப்புகளில்) இருக்கும் வாய்ப்பாடு இது: இடத்தின் உயரத்தை 44330ஆல் வகுத்து, 1இலிருந்து கழித்து, 5.255 அடுக்குக்கு உயர்த்தி, கிடைத்த எண்ணால் அளந்த அழுத்தத்தை வகுக்க வேண்டும். கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் உள்ள திட்ட வளிமண்டலத்தை வைத்து எழுதிய வாய்ப்பாடு அது. வெப்பமான ஊர்களில் இது பொருந்தாது, இதை யாரும் எச்சரிப்பதுமில்லை. 300 மீட்டர் உயரம், அளந்த அழுத்தம் 977.7 என்று வையுங்கள். திட்ட வாய்ப்பாடு 1013.2 என்கிறது. காற்றின் சராசரி வெப்பம் 27 டிகிரி என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் 1011.7தான் வருகிறது. ஒன்றரை ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம், சென்சாரின் பிழை எல்லையையே தாண்டிவிட்டது. வெப்பத்தைச் சேர்த்துக் கணக்கிடுவதும் கடினமல்ல: உயரத்தை 0.03416ஆல் பெருக்கி, கெல்வினில் உள்ள வெப்பநிலையால் வகுத்து, வரும் எண்ணுக்கு இயல் அடுக்கு (நிரலில் exp) கண்டு, அளந்த அழுத்தத்தோடு பெருக்க வேண்டும்.

உயரம் அளக்கும்போதும் இதே சிக்கல்தான். 30 டிகிரி வெயிலில் காற்று அடர்த்தி குறைந்திருப்பதால், உண்மையில் 100 மீட்டர் ஏறினாலும் திட்ட வாய்ப்பாடு 95 மீட்டர் என்றே சொல்லும். அதைச் சென்சாரின் தவறு என்று எழுதுவது நியாயமில்லை.

இணைப்பு

இங்கே கவனம் வேண்டும். ஆறு பின் உள்ள மாட்யூலில் வோல்டேஜ் ரெகுலேட்டர் பெரும்பாலும் இருக்காது. சிப்புக்கு 1.71 முதல் 3.6 வோல்ட் வரைதான் ஊட்டலாம், 4.25 வோல்ட்டைத் தாண்டினால் போய்விடும். ஆர்டுயினோ ஊனோவின் 5 வோல்ட் பின்னில் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தாலும், எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற தரவுக் கோடுகளை ஊனோ 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கக்கூடும். மின்னழுத்தத்தை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் போடுவதுதான் சரியான வழி. இஎஸ்பி32, ராஸ்பெரி பை போன்ற 3.3 வோல்ட் போர்டுகளில் இந்தத் தொல்லை இல்லை.

அந்த இரண்டு கோடுகளில் பேசும் முறையான ஐ2சியில் சிப்பின் முகவரி, எஸ்டிஓ பின்னைப் பொறுத்தது: தரையோடு இணைந்திருந்தால் ஹெக்ஸ் 76 (16 அடிமான எண்), மின்வழங்கலோடு இணைந்திருந்தால் ஹெக்ஸ் 77. மலிவு மாட்யூல்களில் இது பொதுவாக 76ஆக இருக்கும். சில பிரபல லைப்ரரிகளோ 77 என்று எடுத்துக்கொள்ளும். "சென்சார் கிடைக்கவில்லை" என்ற செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதை. அடுத்து சிஎஸ்பி பின். ஐ2சி வேண்டுமென்றால் அது மேலே (3.3 வோல்ட்டுக்கு) இழுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை கீழே போனாலும் சிப் எஸ்பிஐ என்ற வேறொரு இணைப்பு முறைக்கு மாறிவிடும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்வரை ஐ2சிக்குத் திரும்பாது. காற்றில் தொங்கும் சிஎஸ்பி கம்பியால் நேரும் "சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை" வகைக் கோளாறு ஆளை அலைக்கழித்துவிடும்.

வந்த மாட்யூல் உண்மையிலேயே எது என்பதை சிப்புக்குள் இருக்கும் டி0 ரெஜிஸ்டரை (எண் வைக்கும் இடம்) படித்து உறுதி செய்யுங்கள். ஹெக்ஸ் 58 என்றால் பிஎம்பி280. ஹெக்ஸ் 60 என்றால் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280. 55 என்றால் பழைய பிஎம்பி180. ஈரப்பத வசதி இருக்கிறது என்று சொல்லி பிஎம்பி280ஐக் கொடுப்பது சந்தையில் சாதாரணமாக நடக்கிறது. போர்டின் பின்பக்கம் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து நம்ப வேண்டாம், பல போர்டுகளில் இரண்டு பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும்.

எண் நகரவே இல்லை

மின்சாரம் கொடுத்ததும் சிப் தூங்கும் நிலையில்தான் இருக்கும். எஃப்4 ரெஜிஸ்டரில் எழுதி எழுப்பினால்தான் அளக்கத் தொடங்கும். எழுப்பாமல் படித்தால் ஹெக்ஸ் 80000 என்ற ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். அதையும் லைப்ரரி ஏதோ ஒரு அழுத்தமாக மாற்றிக் காட்டிவிடும். உயரம் அளக்க: எஃப்4இல் ஹெக்ஸ் 57 (அழுத்தம் 16 தடவை, வெப்பம் 2 தடவை அளந்து சராசரி, தொடர் முறை), எஃப்5இல் ஹெக்ஸ் 10 (இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டி 16). ஒரு முறை அளக்க ஏறக்குறைய 40 மில்லிசெகண்டு ஆகும். வடிகட்டி இல்லாமல் இரைச்சல் 1.3 பாஸ்கல், வடிகட்டியோடு 0.2 பாஸ்கல், அதாவது 2 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறைவு. இவ்வளவு சிறிய சிப்பில் இது பாராட்டத்தக்க சாதனை.

வானிலைப் பதிவுக்கு இந்த அமைப்பு வீண் செலவு. நிமிடத்துக்கு ஒருமுறை எஃப்4இல் ஹெக்ஸ் 25 எழுதினால் போதும். ஒருமுறை அளந்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். வினாடிக்கு ஒருமுறை இப்படி அளந்தாலே 2.7 மைக்ரோஆம்பியர்தான் செலவு. வடிகட்டியையும் அணைத்துவிடுங்கள்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் இடறும் இடம் ஈடுசெய்யும் கணக்கு. சிப் கொடுப்பது அழுத்தமல்ல, மூல எண். தொழிற்சாலையில் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக அளந்து எழுதிய 12 குணகங்கள் ஹெக்ஸ் 88 முதல் 9எஃப் வரை 24 பைட்டுகளில் இருக்கின்றன. இவை கீழ்பைட் முதலில் வரும் வரிசையில் உள்ளவை. அளவீட்டு ரெஜிஸ்டர்களோ மேல்பைட் முதலில். இரண்டையும் ஒரே மாதிரி படித்தால் அபத்தமான எண் வரும். வெப்பத்தின் முதல் குணகமும் அழுத்தத்தின் முதல் குணகமும் குறியற்றவை, மற்ற பத்தும் குறியுள்ளவை. எதைச் செய்தாலும் முதலில் வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும், அதிலிருந்து வரும் இடைநிலை எண் இல்லாமல் அழுத்தம் சரியாக வராது. எஃப்7 முதல் எஃப்சி வரை ஆறு பைட்டுகளையும் ஒரே மூச்சில் படியுங்கள். துண்டு துண்டாகப் படித்தால் ஒரு அளவீட்டின் மேல்பைட்டும் அடுத்த அளவீட்டின் கீழ்பைட்டும் கலந்துவிடும். வரைபடத்தில் அவ்வப்போது ஊசிபோல் ஏறி இறங்கும் கோடு வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

எங்கே வைப்பது

சிப்பின் உலோக மூடியில் ஒரு துளை இருக்கிறது. காற்று உள்ளே போகும் வழி அது ஒன்றுதான். அதில் பசையோ வார்னிஷோ தண்ணீரோ புகுந்தால் சரிசெய்ய வழியில்லை. நேர் வெளிச்சமும் படக்கூடாது, சிலிக்கான் ஒளிபட்டால் மின்னோட்டம் தரும், அளவீடு பிசகும்.

மழைக்குப் பயந்து காற்றுப் புகாத பெட்டியில் அடைப்பவர்கள் தங்களை அறியாமலே வாயு வெப்பமானி ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். கொள்ளளவு மாறாத வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். அறை வெப்பத்தில் 1 டிகிரி ஏறினால் பெட்டிக்குள் 3.4 ஹெக்டோபாஸ்கல் ஏறும். 28 மீட்டர் கீழே இறங்கியதாகச் சென்சார் நினைத்துக்கொள்ளும். பெட்டியின் அடிப்பக்கத்தில் சிறு துளை போடுங்கள், அல்லது காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு ஒட்டுங்கள்.

துளை காற்று வீசும் திசையைப் பார்க்கவும் கூடாது. வினாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் 60 பாஸ்கல் கூடுதலாகக் காட்டும், 5 மீட்டர் உயரத்துக்குச் சமம். டிரோன்களில் சென்சார்மேல் திறந்த செல் ஸ்பாஞ்சுத் துண்டு வைப்பது இதற்காகத்தான். நேர் வெளிச்சத்தையும் அதுவே தடுத்துவிடுகிறது.

வெப்பம் இன்னொரு எதிரி. ஒவ்வொரு டிகிரிக்கும் 1.5 பாஸ்கல் வரை நகரும் என்கிறது தரவுத்தாள். வைஃபை போர்டை ஒட்டியே சிப்பை வைத்து 10 டிகிரி சூடேறினால், ±0.12 என்ற பெருமை முழுவதும் கரைந்துவிடும். நான்கைந்து சென்டிமீட்டர் கம்பியில் தள்ளி வையுங்கள். அது காட்டும் வெப்பநிலை அழுத்தக் கணக்குக்காக இருப்பது. அதை அறையின் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சோதித்துப் பார்க்கும் வழிகள்

எளியது மாடிப்படி. கீழே அரை நிமிடம் சராசரி எடுங்கள், ஒரு மாடி ஏறி எடுங்கள், மறுபடி கீழே வந்து எடுங்கள். இரண்டு கீழ் அளவுகளின் சராசரியோடு மேல் அளவை ஒப்பிடுங்கள். 3 மீட்டர் ஏற்றத்துக்கு 0.34 முதல் 0.36 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். திரும்பி வந்து எடுப்பதை விட்டுவிடக் கூடாது, நாம் ஏறும் நேரத்திலேயே வளிமண்டலம் தன்பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும்.

அதைவிடக் கறாரான சோதனை தண்ணீர். சென்சாரை ஜாடிக்குள் வைத்துக் கம்பியை மெழுகால் அடைத்து, ஜாடியிலிருந்து ஒளிபுகும் குழாயை எடுத்து ஆங்கில யூ எழுத்து வடிவில் வளைத்துப் பாதி நீர் நிரப்புங்கள். திறந்த பக்கத்தில் நீர் ஊற்றி, இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வரச் செய்தால் சென்சார் 9.8 ஹெக்டோபாஸ்கல் ஏறிக் காட்ட வேண்டும். ஜாடியைக் கையால் பிடித்துக்கொண்டே அளக்காதீர்கள், கைச்சூடு போதும் நீர்மட்டத்தையும் எண்ணையும் தள்ள. அடைப்பில் கசிவு இருந்தால் மட்ட வித்தியாசம் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அப்போதும் இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் குறித்தால் ஒப்பீடு செல்லும்.

மூன்றாவது சோதனைக்கு எந்தப் பொருளும் வேண்டாம், 24 மணி நேரப் பதிவு போதும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் உச்சம், அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. சூரிய வெப்பம் வளிமண்டலத்தில் எழுப்பும் அலை இது, வீச்சு 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல். நல்ல பிஎம்பி280 இந்த இரண்டு திமில்களையும் அச்சு அசலாக வரைந்து காட்டும். அவ்வளவு அழகான வரைபடம் அது, ஒருமுறையாவது வரைந்து பார்க்க வேண்டும். இரண்டு திமில்களுக்குப் பதில் மதியத்தில் ஒரே ஒரு மேடு வந்தால், அளந்தது காற்றழுத்தமல்ல, பெட்டியின் சூடு.

இதே காரணத்தால், "மூன்று மணி நேரத்தில் அழுத்தம் குறைந்தால் மழை" என்ற விதியோடு வரும் மாதிரி நிரல்களை வெப்பமண்டல ஊர்களில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை குளிர்நாட்டு வானிலைக்கு எழுதியவை. இங்கே ஓட்டினால் தினமும் மதியம் மழை வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். நேற்று இதே நேரத்தில் இருந்த அழுத்தத்தோடு ஒப்பிடும்படி மாற்றுங்கள்.

முழு மதிப்பைச் சரிசெய்தல்

±1 என்பது சிப் தொழிற்சாலையை விட்டு வரும்போது. போர்டில் சால்டர் செய்யும் சூட்டில் −0.5 முதல் +2 ஹெக்டோபாஸ்கல் வரை நகரக்கூடும் என்று தரவுத்தாளே சொல்கிறது. அதன்பின் ஆண்டுக்கு ±1 நகரலாம். எனவே புதிய மாட்யூலைச் சில நாட்கள் ஓடவிட்டு, பிறகு ஒரு திருத்த எண் கண்டுபிடியுங்கள். அருகிலுள்ள விமான நிலையத்தின் அறிவிப்பில் வரும் கியூஎன்எச் (கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம்) மதிப்பு நல்ல ஒப்பீடு. இரண்டு விஷயம் முக்கியம். கியூஎன்எச் திட்ட வளிமண்டலத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே இதற்கு மட்டும் 44330 வாய்ப்பாட்டையே பயன்படுத்துங்கள், வெப்பம் சேர்த்த கணக்கு வேண்டாம். வானிலை நிலையம் தரும் கடல்மட்ட அழுத்தத்தோடு ஒப்பிடும்போதுதான் வெப்பக் கணக்கு. இரண்டாவது, கியூஎன்எச்சில் தசமப் பகுதி வெட்டப்பட்டு முழு எண் மட்டுமே வரும். பல அளவீடுகளை எடுத்துச் சராசரி கண்டு 0.5 கூட்டிக்கொள்ளுங்கள். காற்று அடங்கிய, அழுத்தம் நிலையாக இருக்கும் நேரங்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் இடத்தின் உயரத்தில் 8 மீட்டர் தவறு இருந்தால் 1 ஹெக்டோபாஸ்கல் அங்கேயே போய்விடும்; கைப்பேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்பாமல் நில அளவை வரைபடத்தில் பாருங்கள். கிடைத்த வித்தியாசத்தைக் கூட்டவோ கழிக்கவோ மட்டும் செய்யுங்கள், பெருக்க வேண்டாம்.

வேறு எதைப் பார்க்கலாம்?

ஈரப்பதமும் வேண்டுமென்றால் பிஎம்இ280. அழுத்தத் துல்லியம் ஏறக்குறைய இதேதான், அதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை. மாடி மாறியதைக் கண்டறிய, கிளைடருக்கு, டிரோன் உயரத்தை நிறுத்திப் பிடிக்க என்றால் பிஎம்பி390க்குப் போங்கள்: முழு மதிப்பில் ±0.5, மாற்றத்தில் ±0.03 ஹெக்டோபாஸ்கல், வெப்ப நகர்வும் பாதிக்கும் குறைவு. உயரப் பறக்கும் பலூனுக்கு இரண்டுமே போதாது, 300க்குக் கீழே கண் தெரியாது; 10 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கும் எம்எஸ்5611 அதற்கு ஏற்றது. காற்றோட்டக் குழாய், வடிகட்டி அடைப்பு, புகைபோக்கி இழுவை போன்ற சில பாஸ்கல் வித்தியாசங்களுக்கு இரண்டு பிஎம்பி280களை வைத்துக் கழித்துப் பார்க்கும் யோசனையைக் கைவிடுங்கள். இரண்டின் நகர்வும் சேர்ந்து, தேடும் எண்ணை விழுங்கிவிடும். அங்கே தேவை இரண்டு குழாய் முனைகள் கொண்ட வேறுபாட்டு அழுத்த சென்சார்; வாங்கும்போது எல்லை பெரியதாக இருக்கட்டும் என்று நினைக்காமல், அளக்க வேண்டிய அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு எல்லை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பிழை, முழு எல்லையின் விழுக்காடாகத்தான் வரும்.